மழைமேல் பழி போட முடியாது

"பிரேக் போட்டேன் சார், வண்டி வழுக்கிட்டுப் போயிடுச்சு!"

மழைநாளில் பின்னாலிருந்து மோதியவர் பெரும்பாலும் முதலில் சொல்வது இதுதான். விபத்து வழக்கு விசாரணையில் இந்த வாக்கியம் அவருக்கே எதிராகத் திரும்பும். ரோடு நனைந்திருப்பது தெரிந்தும் ஏன் வேகத்தைக் குறைக்கவில்லை என்றுதான் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்பார்.

முன்னால் போகும் வண்டி சட்டென்று நின்றாலும் மோதாத அளவுக்கு இடைவெளி விட வேண்டும் என்கின்றன 2017-ஆம் ஆண்டு வாகனம் ஓட்டும் ஒழுங்குமுறைகள். லாரிக்குப் பின்னால் 10–15 அடி தூரத்தில் சென்ற கார் மோதிய வழக்கில், அந்த இடைவெளி பாதுகாப்பானதல்ல என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பிரிட்டனின் சாலை விதிநூலோ, ஈரச்சாலையில் வண்டி நிற்க இருமடங்கு தூரமாவது தேவை என்கிறது.

அதற்காகப் பின்னால் வந்தவர்மேல் முழுத் தவறையும் சுமத்திவிட முடியாது. கோவையில் 2017-இல் நெடுஞ்சாலையில் கார் ஒன்று திடீரென நின்றது. பின்னால் பைக்கில் வந்த மாணவர் அதில் மோதி விழ, பேருந்து ஏறி அவருடைய கால் போனது. விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் கார்க்காரரை விட்டுவிட்டது. உச்ச நீதிமன்றம் 2025-இல் கார்க்காரருக்கு 50 சதவீதம், பேருந்துக்கு 30, மாணவருக்கு 20 என்று பொறுப்பைப் பிரித்தது. மழைநாள் விபத்துக்கும் கணக்கு இப்படித்தான்.

இந்த வழக்குகளைக் கவனித்துவரும் எனக்கு மழையில் பெரிய கவலை சாட்சியம்தான். நனைந்த தாரில் டயர் தடம் சரியாகப் பதியாது, பதிந்ததும் கரைந்துவிடும். போலீஸ் மகஜர் எழுத வரும்போது தேங்கிய நீரும் வடிந்திருக்கும். எனவே காயம்பட்டவரைக் கவனித்த கையோடு, வண்டிகளை நகர்த்துமுன் போட்டோ எடுத்துவிட வேண்டும்: இரண்டு வண்டிகளும் நின்ற நிலை, நீர் தேங்கிய குழி, எரியாத பிரேக் லைட், தேய்ந்த டயர். கார் டயரில் 1.6 மில்லிமீட்டர் பள்ளமாவது இருக்க வேண்டும் என்பது விதி. டேஷ்கேம் பதிவின் நகலைக் கோர்ட்டில் காட்ட சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும். அசல் மெமரி கார்டை அழிக்காமல் வைத்திருப்பது நல்லது.

தவறை நிரூபிக்க வழியே இல்லாதவர்களுக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-ஆம் பிரிவு இருக்கிறது: மரணத்துக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் ரூபாய். ஆனால் காப்பீட்டு நிறுவனத்திடம் அதைப் பெற்றுக்கொண்டால், கூடுதல் இழப்பீடு கேட்டுத் தொடுத்த மனு செல்லாமல் போகும். கையெழுத்துப் போடுமுன் வழக்கறிஞரிடம் கேட்டுவிட வேண்டும்.