படம் கோக்க வருகிற பிள்ளைகளுக்கு

அறுபதாம் கல்யாணம், மஞ்சள் நீராட்டு, பதினாறாம் நாள் காரியம் என்று எது நடந்தாலும் வீட்டிலிருக்கிற பழைய போட்டோக்களைக் கோத்து, பாட்டுப் போட்டு, மண்டபத்துத் திரையில் ஓட்டுவது அம்மையார்குப்பத்திலும் வழக்கமாகிவிட்டது. தறிச் சத்தம் கேட்கிற தெருக்களில் இப்போது பிள்ளைகள் போனிலேயே இந்த வேலையைச் செய்கிறார்கள். எனக்குக் கேமராவைக் கழுத்தில் மாட்டினால் தோள் வலிக்கிற வயது. தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

1. படத்தை வாங்கப் போகும்போது அவசரப்படாதே. வீட்டுக்காரர்கள் ஆல்பத்தை உன் கையில் திணித்து அனுப்பப் பார்ப்பார்கள். உட்கார்ந்து, அந்த வீட்டில் மூத்தவர் யாரோ அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புரட்டு. ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட படத்தை நகத்தால் பிய்க்காதே. மெல்லிய நூல் ஒன்றை அடியில் விட்டு, இப்படியும் அப்படியும் இழுத்தால் மெதுவாகக் கழன்று வரும். நம் ஊரில் நூலுக்கா பஞ்சம்? கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிப்போன படத்தை மட்டும் கழற்றவே கூடாது. கண்ணாடியோடு சேர்த்து ஸ்கேன் செய்துகொள்.

2. ஸ்கேன் செய்தால் 600 டிபிஐ வை. நாலுக்கு ஆறு அங்குலப் படம் அதில் 3600க்கு 2400 புள்ளியாக வரும். நீ ஓட்டப்போகிற திரை 1920க்கு 1080தான். ஒரு முகத்தை நெருங்கிக் காட்ட வேண்டுமென்றால் இந்த மிச்சம்தான் கைகொடுக்கும். ஸ்கேனர் இல்லையா, காலை வெயில் நேராக விழாத வாசல் திண்ணையில் படத்தைச் சமமாக வைத்து, பிளாஷ் போடாமல், போனைப் படத்துக்கு நேர் மேலே பிடித்து எடு. சென்னையிலிருக்கிற மகனிடம் படம் கேட்டால் வாட்ஸ்அப்பில் சும்மா அனுப்பச் சொல்லாதே, இளைத்துப்போய் வரும். டாக்குமென்டாக அனுப்பச் சொல்.

3. இனி நான் சொல்லப்போவது என் தப்பு. இதை மட்டுமாவது ஞாபகம் வை.

ஒரு பெரியவருக்குப் பதினாறாம் நாள். அவர் குழித்தறியில் உட்கார்ந்திருக்கிற கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று கொடுத்தார்கள். உயரவாக்குப் படம். அகலத் திரையில் போட்டால் இரண்டு பக்கமும் கறுப்பாக நிற்கும். அசிங்கமாக இருக்கிறதே என்று திரை நிறைய இழுத்துவிட்டேன். மேலும் கீழும் நிறையவே வெட்டுப்பட்டது. பெரியவர் முகம் அழகாக நடுவில் வந்தது, எனக்கே பெருமை. மண்டபத்தில் ஓட்டினோம். அந்தப் படம் வந்ததும் அவருடைய அக்கா, எண்பது வயதுக்கு மேலிருக்கும், எழுந்து நின்றுவிட்டார். "கீழே பாவுக்குப் பக்கத்துல எங்க சின்னவன் குந்தினு இருப்பானே, அவன் எங்கப்பா?" என்றார்.

வீட்டுக்குப் போய் மூலப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கீழ் ஓரத்தில், நீட்டின பாவின் இழைகளுக்குப் பின்னால், அரை முகம். மொட்டைத் தலை. ஏழெட்டு வயசு. சிறு வயதிலேயே அம்மையில் போய்விட்ட தம்பியாம். அவனுக்கென்று வேறு படம் கிடையாது. அவர்கள் வீட்டில் எல்லோரும் அந்தப் படத்தைப் பார்த்தது அந்த அரை முகத்துக்காகத்தான். நான் அதை வெட்டி எறிந்திருக்கிறேன்.

அதனால் 'திரை நிறைய' என்கிற பொத்தானைத் தொடாதே. எல்லா மென்பொருளிலும் அது இருக்கும், சிலது கேட்காமலே செய்துவிடும். படம் முழுசாக நிற்கட்டும். ஓரத்துக் கறுப்பு உறுத்தினால் அதே படத்தை மங்கலாக்கிப் பின்னால் விரித்துவிடு. கல்யாண வீடியோக்காரர்கள் செய்கிற பழைய வேலைதான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

4. எத்தனை படம்? பாட்டு நாலு நிமிஷம், அதாவது 240 விநாடி. படத்துக்குச் சராசரி ஆறு விநாடி வைத்தால் நாற்பது படம். வீட்டுக்காரர் இருநூறு கொண்டு வருவார். எல்லாவற்றையும் போடு என்பார். போட்டால் ஒன்றுக்கு ஒரு விநாடிதான் கிடைக்கும், மனுஷ முகமாகத் தெரியாது, சீட்டுக்கட்டு கலைக்கிற மாதிரி இருக்கும். தயவு பார்க்காமல் கழி. ஆனால் கழிக்கும்போது ஒரு கணக்கு வேண்டும்: பங்காளி வீடு, சம்பந்தி வீடு, ஆந்திராப் பக்கம் நகரியிலோ புத்தூரிலோ இருக்கிற உறவு, ஒவ்வொரு கிளைக்கும் ஒரு படமாவது நிற்க வேண்டும். இல்லாவிட்டால் பந்தியில் சண்டை வரும், உன் பெயர்தான் அடிபடும்.

சராசரி ஆறு என்றேன், எல்லாவற்றுக்கும் ஆறு என்று சொல்லவில்லை. தனி முகத்துக்கு நாலு போதும். முப்பது பேர் நிற்கிற குரூப் போட்டோவுக்குப் பத்து கொடு. ஒவ்வொருவராக விரல் வைத்து மனசுக்குள் பெயர் சொல்லிப் பார், அந்த நேரம்தான் அதற்கு அளவு.

5. படத்தை அசைக்கிற வேலை. மெதுவாக நெருங்குவது, மெதுவாக விலகுவது; ஆப்பிளின் ஐமூவியில் 2003இலிருந்து இதற்குக் கென் பர்ன்ஸ் என்றே பெயர். அந்த அமெரிக்க ஆவணப்படக்காரர் தனக்கு வழிகாட்டியாகச் சொல்வது 1957இல் கனடாவில் எடுத்த 'சிட்டி ஆஃப் கோல்ட்' என்கிற குறும்படத்தை. தங்கம் தேடிப் போனவர்களின் பழைய போட்டோக்கள் மேல் கேமரா ஊர்ந்து போகும். இன்னொன்று, 1962இல் பிரான்ஸில் கிறிஸ் மார்க்கர் செய்த 'லா ஜெத்தே'. 28 நிமிஷம், அத்தனையும் அசையாத படங்கள். ஒரே ஒரு இடத்தில் தூங்கி எழுகிற பெண் கண்ணைச் சிமிட்டுவாள். அவ்வளவுதான் அசைவு, பார்க்கிறவனுக்குத் தூக்கிவாரிப் போடும். நாற்பது படமும் ஆடினால் எதுவும் ஆடின மாதிரி இருக்காது. நான்கைந்தை மட்டும் அசை. எங்கே முடிய வேண்டுமோ அந்த முகத்தை முதலில் முடிவு செய்துவிட்டுப் புறப்படு.

ஒரு படத்திலிருந்து அடுத்ததற்குப் போக, ஒன்று கரைந்து இன்னொன்று வருகிறதே, அது ஒரு விநாடி போதும். இதயம் உருள்வது, பூ விரிவது எல்லாம் மென்பொருள் விற்கிறவனுக்கு.

6. ஊர்ப் பெயர், வருஷம் எழுதும்போது கவனம். நம் பகுதி விஷயத்தில் படித்தவர்களே தடுக்கி விழுகிறார்கள். 1958இல் திருத்தணி மலையில் எடுத்த படத்துக்குக் கீழே 'திருவள்ளூர் மாவட்டம், தமிழ்நாடு' என்று போட்டால் தப்பு. அப்போது திருத்தணி ஆந்திரப் பிரதேசத்துச் சித்தூர் மாவட்டம். ம.பொ.சி. முதலானவர்களின் எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, படாஸ்கர் தீர்ப்பின்படி 1960 ஏப்ரல் 1இல்தான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அதன்பின் செங்கல்பட்டு மாவட்டம். திருவள்ளூர் மாவட்டம் பிறந்தது 1997இல். சந்தேகமாக இருந்தால் 'திருத்தணி, 1958' என்று மட்டும் எழுது, பொய்யாகாது.

தமிழ் எழுத்தையும் பார்த்துக்கொள். சில மென்பொருள்களில் யூனிகோட் அடித்தால் 'கோ'வின் கொம்பு இடம் மாறி உட்கார்ந்து, கோவிந்தன் பெயரே குலைந்துவிடும். பிரீமியரில் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்துத் தேர்வைப் போட்டால் சரியாகும். அப்படியும் சரியாகாவிட்டால் பெயரை வேறொன்றில் எழுதி, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாக்கி மேலே வை. கல்லூரிப் பிள்ளைகள் இதைக் கவனிக்காமல் அப்பா பெயரையே தப்பாக ஓட்டினதைப் பார்த்திருக்கிறேன்.

7. பாட்டு. இந்தப் பக்கத்தில் கேட்கவே வேண்டாம், டி.எம்.எஸ். பாடின முருகன் பாட்டு. மண்டபத்தில் ஓடும்போது யாரும் கேட்க மாட்டார்கள். யூடியூபில் ஏற்றினால் அடுத்த நிமிஷம் உரிமைக்காரர் பெயரில் அறிவிப்பு வரும். ஒலிப்பதிவுக்கு நம் நாட்டில் 60 வருஷ உரிமை, பாட்டெழுதினவருக்கும் இசையமைத்தவருக்கும் அவர்கள் காலத்துக்குப் பின் 60 வருஷம். அதனால் பழைய பாட்டு என்பதால் தப்பிக்க முடியாது.

நீயே பதிவு செய். கல்யாணத்துக்கு வந்த நாதஸ்வரக்காரரிடம் கேட்டால் ஐந்து நிமிஷம் தனியாக வாசித்துக் கொடுப்பார். பாட்டியைப் பேசவிட்டுப் பதிவு செய்தால் எந்தப் பாட்டும் அதற்கு ஈடில்லை. தறிச் சத்தமும் நல்லதுதான். ஒருமுறை குழித்தறிப் படத்துக்கு எதிர்வீட்டுத் தறிச் சத்தத்தைப் பதிவு செய்து சேர்த்தேன். முன்வரிசையிலிருந்த கிழவர்கள் சிரித்துவிட்டார்கள். எதிர்வீட்டில் ஓடுவது விசைத்தறி. கைத்தறியில் மிதியை அழுத்தி, நாடா இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய், பலகை வந்து தட்டுவதற்குள் ஒரு மூச்சு இடைவெளி இருக்கும். விசைத்தறிக்கு மூச்சே கிடையாது. காது பழகினவர்களை ஏமாற்ற முடியாது.

8. எந்த மென்பொருள் என்று எல்லோரும் கேட்கிறீர்கள். எதுவானால் என்ன. விண்டோஸோடு வந்த மூவி மேக்கரை 2017இல் மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. ஸ்டுடியோக்காரர்கள் நம்பியிருந்த புரோஷோவின் நிறுவனம் 2020 ஜனவரியோடு மூடியது. அதில் கோத்த கோப்பை வேறொன்றும் திறக்காது. காசில்லாமல் வேண்டுமென்றால் ஷாட்கட், ஓப்பன்ஷாட் இருக்கின்றன. போனில் கைன்மாஸ்டர், இலவசமாக எடுத்தால் ஓரத்தில் அதன் பெயர் நிற்கும். எதில் செய்தாலும் முடிந்த வீடியோவை எம்பி4 ஆகவும், மூலப் படங்களைத் தனி ஃபோல்டராகவும் இரண்டு இடத்தில் வை.

9. படங்களைத் திருப்பிக் கொடுக்கும்போது பின்பக்கம் பெயரை எழுதிக் கொடு. மெல்லிய பென்சிலால், அழுத்தாமல். பால்பாயின்ட் பேனா முன்பக்கம் தடம் காட்டும்.

10. கூலியில் பாதியை முன்பணமாக வாங்கு, மீதியை ஓட்டுவதற்கு முன்னால் வாங்கு. விழா முடிந்த பிறகு கேட்டால் கிருத்திகை கழியட்டும் என்பார்கள். எந்த மாசத்துக் கிருத்திகை என்று சொல்ல மாட்டார்கள்.