பறக்கும் தட்டும் பள்ளி மைதானமும்

ராக்கெட் ஒன்றை வரைந்து காட்டும்படி சொன்னால் நம்மில் எல்லாரும் ஒரே படத்தைத்தான் வரைவோம். மெலிந்து நீண்ட உடல், கூரிய மூக்கு, அடியில் மூன்று அல்லது நான்கு இறக்கைகள். சிவகாசி வாணத்திலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவின் பெரிய ராக்கெட் வரை வடிவம் ஏறக்குறைய அதுவேதான். ஆனால் பொழுதுபோக்காக ராக்கெட் செய்து பறக்கவிடுவோரிடையே இதற்கு நேர்மாறான வடிவம் ஒன்றும் உண்டு. தேநீர்த் தட்டைக் கவிழ்த்து வைத்தாற்போல அகன்று, குட்டையாக, இறக்கையே இல்லாமல் இருக்கும். அதைப் பார்த்தவுடன், "இதுவா மேலே போகப் போகிறது?" என்று கேட்கத் தோன்றும். போகும்; ஆனால் வெகு உயரம் போகாது. அதுதான் அதன் குறை, அதுவே அதன் சிறப்பும்கூட. இது எப்படி என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

முதலில், எந்தப் பொருளும் காற்றில் தலைகீழாகப் புரளாமல் நேராகச் செல்வது எதனால் என்று அறிவோம். விளையாட்டு வேளையில் நாம் அடிக்கும் இறகுப்பந்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். கனமான தக்கை ஒரு முனையில். லேசான இறகுப் பாவாடை மறுமுனையில். எப்படி அடித்தாலும் நொடியில் திரும்பித் தக்கை முன்னால் வரும்படிதான் அது பறக்கும். பொருளின் எடை முழுவதும் குவிந்திருப்பதாகக் கொள்ளப்படும் புள்ளி ஈர்ப்பு மையம். காற்றின் தடை முழுவதும் செயல்படுவதாகக் கொள்ளப்படும் புள்ளி அழுத்த மையம். ஈர்ப்பு மையம் முன்னாலும் அழுத்த மையம் பின்னாலும் இருந்தால் காற்று அப்பொருளின் பின்பகுதியைப் பிடித்து இழுத்து நேராக்கிவிடும். மெலிந்த ராக்கெட்டில் இந்த வேலையைச் செய்வன அடி இறக்கைகள். தட்டு வடிவ ராக்கெட்டில் தட்டின் அகன்ற விளிம்பே அதைச் செய்துவிடுகிறது. ஆகவேதான் அதற்கு இறக்கை வேண்டுவதில்லை. ஆனால் தட்டு முற்றிலும் தட்டையாக இருந்தால் போதாது. மாடியிலிருந்து விழும் அட்டைத் துண்டைப்போல் படபடத்துக் கவிழும். சற்றே கூம்பாக இருக்க வேண்டும். எடை கூம்பின் உச்சிக்கும் மேலே இருக்க வேண்டும்.

இப்பொழுதுபோக்கு பிறந்த கதை சுவையானது. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் நார்ஃபோக் என்னும் ஊரில் ஆர்வில் கார்லைல் என்பவர் காலணிக் கடை வைத்திருந்தார். வாணவெடிகளில் அவருக்கு ஈடுபாடு அதிகம். அவருடைய சகோதரர் ராபர்ட் மாதிரி விமானங்கள் செய்பவர். அவர் விளக்க உரைகளில் காட்டுவதற்காக ஆர்வில் 1954ஆம் ஆண்டில் சிறிய காகித ராக்கெட் ஒன்றைச் செய்தார். அக்காலத்தில் வீட்டிலேயே வெடிமருந்து கலந்து ராக்கெட் செய்ய முயன்ற சிறுவர் பலர் விரல்களையும் கண்களையும் இழந்து வந்தனர். அந்த ஆபத்தைப் பற்றி ஹாரி ஸ்டைன் என்னும் ராக்கெட் பொறியாளர் 1957இல் ஒரு பத்திரிகையில் எழுதினார். அதைப் படித்த கார்லைல் தம் மாதிரிகளை அவருக்கு அனுப்பி வைத்தார். சிறுவர் கையால் மருந்து கலக்கவே கூடாது, ஆலையில் செய்த சிறு எஞ்சினை மட்டுமே பயன்படுத்த வேண்டும், உடல் உலோகத்தால் இருக்கக் கூடாது என்ற விதிகளோடு இப்பொழுதுபோக்கு வளர்ந்தது. தட்டு வடிவமும் அதன் வழியே வந்ததுதான். சிறு ஊர்களில் பெரிய திடல் கிடைக்காதவர்களுக்கு அது மிகவும் பிடித்துப் போயிற்று.

தோழியரே, இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பட்டாசைப் பிரித்து மருந்து எடுப்பது, தீக்குச்சித் தலைகளைச் சுரண்டிச் சேர்ப்பது ஆகியவற்றை எவரும் விளையாட்டுக்கும் செய்ய வேண்டா. உரிமம் இன்றி வெடிபொருள் செய்வது 1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். நம் மாவட்டத்துச் சங்கராபுரத்தில் 2021 அக்டோபரில், தீபாவளிக்குச் சில நாள் முன்பு, பட்டாசுக் கடை ஒன்றில் தீப்பிடித்து உயிர்கள் போனதை நம் பெற்றோர் இன்னும் மறக்கவில்லை. அண்ணனோ தம்பியோ, "கொஞ்சம் மருந்துதானே" என்று சொன்னால், அந்தக் கடைத் தெருவை நினைவூட்டுங்கள்.

மருந்து இல்லாமலே தட்டு ராக்கெட் செய்ய முடியும். அதற்கு வேண்டியது காற்று மட்டுமே. இரண்டு லிட்டர் குளிர்பானக் காலிப் பாட்டில் ஒன்று, சைக்கிள் கடையில் கிடைக்கும் பழைய டியூபில் ஒரு முழத் துண்டு, அரை அங்குல பி.வி.சி. குழாய் ஒன்று. பாட்டில் வாயில் டியூபின் ஒரு முனையையும் குழாயில் மறுமுனையையும் இறுகக் கட்டிக் காற்றுப் போகாதபடி டேப் சுற்ற வேண்டும். குழாயை நிமிர்த்தி, மணல் நிரப்பிய வாளியில் நட்டால் ஏவுதளம் ஆயிற்று. பாட்டிலைத் தரையில் கிடத்திக் காலால் ஓங்கி மிதித்தால் உள்ளிருக்கும் காற்றுக் குழாய் வழியே பாய்ந்து ராக்கெட்டைத் தள்ளும்.

இனி ராக்கெட். அதே குழாயின்மேல் ஒரு தாளைச் சுருட்டி ஒட்டி, சுமார் 15 செ.மீ. நீளக் காகிதக் குழல் செய்க. அது குழாயில் எளிதாக வழுக்கி ஏறி இறங்க வேண்டும். தொளதொளவென்றும் இருக்கக் கூடாது. மேல் வாயை மடித்து டேப்பால் அடைத்து, அதன்மேல் சுண்டைக்காய் அளவு களிமண் உருண்டையைப் பொருத்துக. பிறகு கவராயத்தால் சார்ட் அட்டையில் 11.5 செ.மீ. விட்டமுள்ள வட்டம் வரைந்து வெட்டி, விளிம்பிலிருந்து மையம் வரை ஒரு கோடு கத்தரித்து, எட்டில் ஒரு பங்கு ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி ஒட்டினால் 10 செ.மீ. அகலமுள்ள தாழ்ந்த கூம்பு கிடைக்கும். அதன் நடுவில் துளையிட்டுக் குழலில் கோத்து, பாதிக்குக் கீழே நிறுத்தி ஒட்டுக. கூம்பின் உச்சி மேல்நோக்கி, களிமண் இருக்கும் பக்கம் இருக்க வேண்டும்.

ஏவுமுன் ஒரு சோதனை உண்டு. இதைத் தவிர்க்க வேண்டா. ராக்கெட்டை ஒரு விரலின்மேல் கிடத்தி அது சமநிலையில் நிற்கும் இடத்தில் நூலைக் கட்டித் தலைக்குமேல் வட்டமாகச் சுற்றுங்கள். களிமண் மூக்கு முன்னால் செல்லுமாறு அது சுற்றினால் நன்று. குறுக்காகவோ பின்புறமாகவோ சுற்றினால் களிமண்ணைச் சிறிது கூட்டுக, அல்லது கூம்பை இன்னும் கீழே இறக்குக. குழாய்க்கு நேர்மேலே எவரும் குனியக் கூடாது. மிதிப்பவர் தவிர மற்றவர் ஐந்தடி தள்ளி நிற்க வேண்டும். இவ்வளவே பாதுகாப்பு விதி.

இப்போது கணக்குக்கு வருவோம். கணக்கு என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், இந்தக் கட்டுரையில் மிகவும் சுவையான இடம் இதுதான்.

ஒரே எடை, அதாவது 15 கிராம் உள்ள மூன்று ராக்கெட்டுகளை எடுத்துக்கொள்வோம். முதலாவது தட்டே இல்லாத வெறுங்குழல், அகலம் 2.2 செ.மீ. இரண்டாவது 10 செ.மீ. தட்டு. மூன்றாவது 18 செ.மீ. தட்டு. காற்றை எதிர்கொள்ளும் பரப்பு அகலத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே இரண்டாவதன் பரப்பு முதலாவதைப்போல் சுமார் 20 மடங்கு. மூன்றாவதன் பரப்பு சுமார் 67 மடங்கு. மூன்றையும் நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் மேலே அனுப்பினால், காற்றின் தடையையும் சேர்த்துக் கணக்கிடும்போது, வெறுங்குழல் சுமார் 10 மீட்டர் உயரும். சிறிய தட்டு மூன்று மீட்டரைச் சற்றே தாண்டும். பெரிய தட்டு ஒன்றரை மீட்டரோடு நின்றுவிடும், நம் ஆள் உயரம்கூட இல்லை!

சரி, இரண்டு மடங்கு வேகத்தில், நொடிக்கு 30 மீட்டரில் அனுப்பிப் பார்ப்போம். வெறுங்குழல் 31 மீட்டர் போகிறது. மூன்று மடங்கு உயரம். சிறிய தட்டு ஐந்தரை மீட்டரை நெருங்குகிறது. பெரிய தட்டோ இரண்டேகால் மீட்டர்தான். காரணம் எளிது. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்பக் கூடுகிறது. தட்டு எவ்வளவு வேகமாகப் புறப்படுகிறதோ அவ்வளவு கடுமையாகக் காற்று அதைத் தடுக்கிறது. கொடுத்த வேகத்தின் பெரும்பகுதியும் விரைவிலேயே கரைந்துவிடுகிறது. ஆதலால் தட்டு வடிவத்திற்கு ஓங்கிய ஒரே உதை பயன்படாது. விடாது தள்ளும் எஞ்சின்தான் அதற்கு ஏற்றது. மேனாட்டுப் பொழுதுபோக்காளர் தட்டு ராக்கெட்டில் எஞ்சின் வைப்பதன் காரணம் இதுவே. காலால் மிதிக்கும் நமக்குச் சிறிய தட்டே போதும்.

கீழே வரும்போதுதான் தட்டின் அருமை தெரியும். 31 மீட்டர் உயரத்திலிருந்து மூக்கு கீழாக விழும் வெறுங்குழல் தரையைத் தொடும்போது நொடிக்குச் சுமார் 21 மீட்டர் வேகம், அதாவது மணிக்கு 75 கிலோமீட்டர். பேருந்தின் வேகம்! தலையில் பட்டால் 15 கிராமும் வலிக்கும். பெரிய தட்டோ எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் நொடிக்குச் சுமார் 3 மீட்டருக்கு மேல் வேகம் எடுக்கவே முடியாது. சிறிய தட்டுக்கு அந்த எல்லை ஐந்தரை மீட்டர். மேலே போகவிடாமல் தடுத்த அதே காற்று கீழே விழாமல் தாங்குகிறது. பாராசூட் வேண்டா, அதை மடிப்பது வேண்டா, அது விரியாமல் போகுமோ என்ற கவலையும் வேண்டா. காற்றில் அலைந்து பக்கத்துக் கரும்புத் தோட்டத்தில் விழுந்து காணாமல் போவதும் இல்லை. ஆடி மாதத்துக் காற்றில் மட்டும் எதையும் ஏவாதீர்கள். அம்மியே நகரும்போது அட்டை எம்மாத்திரம்?

இந்தத் தத்துவம் பள்ளி மைதானத்தோடு நின்றுவிடவில்லை. 2014 ஜூன் 28 அன்று அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா, ஹவாய்த் தீவுகளில் உண்மையாகவே ஒரு தட்டு வடிவக் கலத்தைப் பறக்கவிட்டது. பலூன் அதைச் சுமார் 36 கி.மீ. உயரத்திற்குத் தூக்கிச் சென்றது. பின்னர் ராக்கெட் எஞ்சின் அதை இன்னும் மேலே தள்ளியது. அங்கே அதன் விளிம்பைச் சுற்றியிருந்த குழாய் ஊதிப் பெருத்து, கலம் 6 மீட்டர் அகலமாயிற்று. செவ்வாய்க் கோளின் காற்று நம் காற்றின் அடர்த்தியில் நூற்றில் ஒரு பங்கு அளவே உள்ளதால், அங்கே கனமான கலத்தை இறக்க அகலமான மார்பு தேவை. அந்தச் சோதனையில் பாராசூட் கிழிந்துபோனது. 2015இல் மீண்டும் செய்தபோதும் கிழிந்தது. ஊதிய தட்டு இரு முறையும் தன் வேலையைச் செய்தது.

நம் நாட்டிலும் இது நடந்திருக்கிறது. நடந்த இடம் நமக்குத் தனி மகிழ்ச்சி தருவது. திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா என்னும் மீனவர் ஊரின்மேல் பூமியின் காந்த நடுக்கோடு செல்கிறது. மேல் வளிமண்டல மின்னோட்டத்தை ஆராய ஏற்ற இடம் என்று அறிவியலார் அதைத் தேர்ந்தனர். அங்கே இருந்தது புனித மரிய மதலேன் ஆலயம். டாக்டர் விக்ரம் சாராபாய் ஆயர் பீட்டர் பெர்னார்ட் பெரைரா அவர்களை அணுகினார். ஆயர் தாமே முடிவு சொல்லாமல் ஞாயிறு வழிபாட்டிற்கு வந்த மக்களிடம் அதை எடுத்துரைத்து அவர்களுடைய இசைவைப் பெற்றார் என்று டாக்டர் அப்துல் கலாம் எழுதியிருக்கிறார். திருச்சி தூய வளனார் கல்லூரியில் பயின்ற கலாம் அவர்கள் பணியாற்றிய முதல் ராக்கெட் கூடம் அந்த ஆலயக் கட்டடந்தான். 1963 நவம்பர் 21 அன்று நைக்-அப்பாச்சி என்னும் முதல் ராக்கெட் அங்கிருந்து எழுந்தது. ராக்கெட் பகுதிகள் சைக்கிளில் எடுத்துச் செல்லப்பட்ட படத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். இன்று அவ்வாலயம் விண்வெளி அருங்காட்சியகமாக விளங்குகிறது.

அதே தும்பாவிலிருந்து 2022 செப்டம்பர் 3 அன்று ரோகிணி வகை ராக்கெட் ஒன்று ஏவப்பட்டது. அதன் தலைப் பகுதியில் மடித்து வைக்கப்பட்டிருந்தது ரப்பர்ப் பூச்சுள்ள கெவ்லார் துணியாலான பை. சுமார் 84 கி.மீ. உயரத்தில் அது ஊதி விரிந்து, தன்னோடு இணைந்த பகுதியின் வேகத்தைத் தணித்துக்கொண்டே இறங்கியது. மெலிந்த உடலோடு ஏறி, அகன்ற உடலோடு இறங்கும் உத்தி இது. ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரே வடிவம் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? வீட்டில் குடையை மடித்து எடுத்துப்போய் மழையில் விரிப்பதில்லையா!

கடைசியாக, நம் ஊருக்கே உரிய ஒரு சோதனை. மேற்கே தெரியும் கல்வராயன் மலையில் 800 மீட்டர் உயரமுள்ள இடத்தில் காற்று, கீழே கள்ளக்குறிச்சியில் இருப்பதைவிட 6 முதல் 7 விழுக்காடு அடர்த்தி குறைந்தது. அங்கே தட்டு 3 விழுக்காட்டுக்குச் சற்றுக் கூடுதலான வேகத்தில் விழ வேண்டும். களிமண்ணும் குழலும் இல்லாத 18 செ.மீ. கூம்பை மட்டும் 6 மீட்டர் உயரத்திலிருந்து விட்டால் மூன்று நொடிக்குச் சற்று மேல் ஆகும். மலையில் அதில் பத்தில் ஒரு நொடி குறையும். நம் கை நிறுத்து கடிகாரத்தை அழுத்துவதில் வரும் பிழையே அதைவிடப் பெரிது. ஒரு முறை பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதே கூம்பை மைதானத்தில் 50 முறையும் மலையில் 50 முறையும் விட்டுச் சராசரி காண வேண்டும். காற்று அசையாத விடியற்காலையே ஏற்ற நேரம். அடுத்த முறை வெள்ளிமலைக்கோ மேகம் அருவிக்கோ சுற்றுலா செல்லும் வகுப்பார், தின்பண்டப் பைகளோடு ஓர் அட்டைக் கூம்பும், 6 மீட்டர் அளந்து முடிச்சிட்ட கயிறும், கடிகாரமும் எடுத்துச் செல்லட்டும்.