4 மில்லிவினாடி மௌனம்

தேக்கா சந்தையிலிருந்து ரோச்சோர் எம்ஆர்டி நிலையத்தை நோக்கி நடந்தால், ரோச்சோர் கால்வாயும் பக்கத்திலேயே வரும். சாதாரண நாளில் அதை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. விடாமல் மழை கொட்டினால் கதை வேறு. 2010 ஜூன் 16ஆம் தேதி ஆர்ச்சர்ட் ரோட்டில் நடந்ததை உங்கள் பெற்றோரிடம் கேட்டுப் பாருங்கள். ஸ்டாம்ஃபர்ட் கால்வாய் நிரம்பி, கடைத்தொகுதிகளின் கீழ்த்தளங்களுக்குள் தண்ணீர் புகுந்தது. இன்று தீவெங்கும் வடிகால்களில் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் நீர்மட்ட உணர்கருவிகள் இருக்கின்றன. மட்டம் ஏறினால் எச்சரிக்கை வருகிறது.

எந்த நீர்மட்டக் கண்காணிப்பிலும் உணர்கருவி ஓரிடத்தில் இருக்கும். அது அளந்த எண்ணைப் பார்ப்பவர் வேறிடத்தில் இருப்பார். இடையில் சாலையைத் தோண்டிக் கம்பி புதைப்பது பெரும் செலவு. இத்தகைய வேலைக்குத் தொழிற்சாலைகளிலும் நீரேற்று நிலையங்களிலும் பல ஆண்டுகளாகப் பயன்படும் கருவிகளில் ஒன்று, சீரியல் ரேடியோ. கம்பியை எடுத்துவிட்டு இரு முனையிலும் ஓர் ஆன்டெனா வைத்தால் போதும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

சீரியல் என்றால் தொடர்முறை. வகுப்பறைக் கதவு வழியே மாணவர்கள் வரிசையாக வெளியேறுவதுபோல, பிட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்கின்றன. விநாடிக்கு 9,600 பிட் என்பது வழக்கமான வேகம். ஒரு முனையில் 9,600 என்றும் மறுமுனையில் 19,200 என்றும் அமைத்துவிட்டால் திரையில் அர்த்தமில்லாத எழுத்துகள்தான் வரும். இரண்டு ரேடியோக்களின் அலைவரிசையும் வலையமைப்பு எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். அலைவரிசையில் இன்னொரு கவனமும் தேவை. அமெரிக்காவுக்காகச் செய்த கருவி 902 முதல் 928 மெகாஹெர்ட்ஸ் வரை பயன்படுத்தும். சிங்கப்பூரில் அந்த வரம்புக்குள் இவ்வகைக் கருவிகளுக்கு உரியது 920 முதல் 925 வரைதான். அமைப்பை மாற்றாமல் மின்சாரம் கொடுக்கக் கூடாது.

அடுத்தது, பேசும் மொழி. மோடிகான் நிறுவனம் 1979இல் உருவாக்கிய மோட்பஸ் நெறிமுறை இன்றும் புழக்கத்தில் உள்ளது. அதில் ஒரு தலைமைக் கருவி பெயர் சொல்லிக் கேட்கும். கேட்கப்பட்ட கருவி மட்டும் பதில் சொல்லும். கேள்வி 8 பைட்: யாரிடம் என்பதற்கு 1, என்ன வேலை என்பதற்கு 1, எந்த இடத்திலிருந்து என்பதற்கு 2, எத்தனை எண்கள் என்பதற்கு 2, பிழை சரிபார்க்க 2. நீர்மட்டம் 1,250 மில்லிமீட்டர் என்றால் பதிலில் அந்த எண் 4, 226 என இரண்டு பைட்டாக வரும். 4ஐ 256ஆல் பெருக்கி 226ஐக் கூட்டிப் பாருங்கள்.

கேள்வி முடிந்துவிட்டது என்று உணர்கருவிக்கு எப்படித் தெரியும்? இந்த மொழியில் முற்றுப்புள்ளி கிடையாது, மௌனம்தான் முற்றுப்புள்ளி. மூன்றரை பைட் செல்லும் நேரத்துக்கு ஒன்றும் வராவிட்டால் செய்தி முடிந்தது என்று பொருள். தொடக்க பிட், முடிவு பிட், சமநிலை பிட் ஆகியவற்றைச் சேர்த்தால் ஒரு பைட்டுக்கு 11 பிட். 9,600 வேகத்தில் மூன்றரை பைட்டுக்கு ஏறக்குறைய 4 மில்லிவினாடி ஆகும்.

எங்கள் பள்ளி மன்றத்தில் நாங்கள் மாட்டிக்கொண்டது இந்த 4 மில்லிவினாடியில்தான். தோட்டத்து மழைநீர்த் தொட்டியில் ஓர் உணர்கருவி வைத்தோம். கம்பி வழியே பதில் வந்தது. கம்பிக்குப் பதில் இரண்டு ரேடியோக்களை வைத்ததும் பதிலே இல்லை. ஆன்டெனாவை மாற்றினோம், மின்கலத்தை மாற்றினோம், ஒரு மாணவி மேசைமேல் ஏறி நின்றுகூடப் பிடித்துப் பார்த்தாள். குற்றம் அங்கெல்லாம் இல்லை. ரேடியோ, தன்னிடம் வரும் பைட்டுகளைப் பொட்டலமாகக் கட்டித்தான் காற்றில் அனுப்பும். எங்கள் 8 பைட்டை அது 5 என்றும் 3 என்றும் இரண்டு பொட்டலமாக்கியிருந்தது. இடைவெளி 4 மில்லிவினாடியைத் தாண்டியதால், முதல் 5 பைட்டையே முழுக் கேள்வி என்று உணர்கருவி எடுத்துக்கொண்டது. பிழை சரிபார்ப்பு ஒத்துப்போகவில்லை. அப்படி நேர்ந்தால் பதில் சொல்லாமல் இருக்க வேண்டும் என்பதே மோட்பஸ் விதி. உணர்கருவி விதிப்படி வாயை மூடிக்கொண்டிருந்தது. நாங்கள்தான் அது கெட்டுவிட்டது என்று நினைத்தோம்.

மௌனம் வரும்வரை சேர்த்துவைத்து ஒரே பொட்டலமாக அனுப்பும்படி ரேடியோவின் அமைப்பை மாற்றினோம். பதிலுக்குக் காத்திருக்கும் நேரத்தையும் ஒரு விநாடியாக உயர்த்தினோம். காற்றுவழிப் பதில், கம்பிவழிப் பதிலைவிடத் தாமதமாகத்தான் வரும். உடனே 1,250 என்ற எண் திரையில் தோன்றியது.

அது ஒரு வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை தோட்டக்காரர் தொட்டியைக் காலிசெய்து கழுவினார். அதற்கு முன்பே ரேடியோவின் மின்கலம் தீர்ந்துபோயிருந்தது. திங்கட்கிழமை காலை நான் போய்ப் பார்த்தபோதும் திரையில் 1,250தான் இருந்தது. பதில் வராவிட்டால் என்ன காட்ட வேண்டும் என்று எங்கள் நிரலில் நாங்கள் எழுதவே இல்லை. கால்வாயில் இப்படி நடந்திருந்தால், தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும்போது திரை பழைய எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். இப்போது எங்கள் திரையில் எண்ணுக்குப் பக்கத்தில், அது வந்து சேர்ந்த நேரமும் தெரியும். மூன்று முறை கேட்டும் பதில் இல்லையென்றால் எண் மறைந்து, 'தகவல் இல்லை' என்று சிவப்பில் வரும்.