ஃபிரீபிஎஸ்டி டிஸ்க்கை லினக்ஸில் திறப்பது எப்படி?

என் பழைய கம்ப்யூட்டரின் மதர்போர்டு ஒரு நாள் போய்விட்டது. ஹார்ட் டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதில் இருந்தது ஃபிரீபிஎஸ்டி. மகளின் சிறுவயதுப் போட்டோக்கள் வேறெங்கும் இல்லை (பேக்கப் எடுக்காதது என் தவறுதான்). டிஸ்க்கைக் கழற்றி யுஎஸ்பி கேஸில் போட்டு லினக்ஸ் கம்ப்யூட்டரில் இணைத்தேன். மவுண்ட் ஆகவில்லை.

காரணம், ஃபிரீபிஎஸ்டியின் யூஎஃப்எஸ் ஃபைல் சிஸ்டத்தில் பல வகைகள் உண்டு. 2003-இல் வந்த 5.0 பதிப்பு யூஎஃப்எஸ்2-ஐக் கொண்டு வந்தது. நாம் வகையைச் சொல்லாவிட்டால் லினக்ஸ் மிகப் பழைய வகை என்றே எடுத்துக் கொள்ளும்.

எனவே ரூட் பயனராக நுழைந்து, மவுண்ட் கட்டளையில் -டி யூஎஃப்எஸ் என்றும், -ஓ ஆர்ஓ,யூஎஃப்எஸ்டைப்=யூஎஃப்எஸ்2 என்றும் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் கொடுங்கள். பிறகு பார்ட்டிஷன் பெயர், ஃபோல்டர் பெயர். ஆர்ஓ என்றால் படிக்க மட்டும். இதை விட்டுவிடாதீர்கள். யூஎஃப்எஸ்ஸில் எழுதும் வசதியை லினக்ஸ் கெர்னலின் அமைப்புப் பட்டியலே 'ஆபத்தானது' என்று குறிக்கிறது.

எஸ்டிபி1 மவுண்ட் ஆனது. ஆனால் யூஎஸ்ஆர் ஃபோல்டர் காலி! ஒரு நிமிடம் நெஞ்சு அடைத்துவிட்டது. பிறகுதான் புரிந்தது. பழைய ஃபிரீபிஎஸ்டி, ஸ்லைஸ் என்ற ஒரே பகுதிக்குள் பல பார்ட்டிஷன்களை வைக்கும். நான் திறந்தது முதல் பார்ட்டிஷனை மட்டுமே. மற்றவை லினக்ஸில் எஸ்டிபி5 முதல் வரிசையாகத் தெரியும். எல்எஸ்பிஎல்கே கட்டளை அவற்றை அளவுடன் காட்டும். இருப்பதில் பெரியதான எஸ்டிபி9-ஐ அதே முறையில் மவுண்ட் செய்தேன். போட்டோக்கள் அத்தனையும் இருந்தன.

உங்கள் டிஸ்க்கில் இசட்எஃப்எஸ் இருந்தால் இந்த வழி உதவாது.