மருந்து தெளிப்போரின் பாதுகாப்பு

பயிருக்குத் தெளிக்கும் பூச்சிமருந்து, தெளிப்பவரையும் தாக்க வல்லது. 1958-ம் வருஷம் கேரளத்தில் பாரத்தியான் என்னும் மருந்து கலந்த உணவை உண்டு நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதன் பின்னரே 1968-ல் பூச்சிமருந்துச் சட்டமும், 1971-ல் அதற்குரிய விதிகளும் ஏற்பட்டன. மருந்தைக் கையாள்வோருக்குத் தக்க காப்புடை வேண்டுமென்பது அவ்விதிகளுள் ஒன்று.

டப்பாவின் சீட்டிலுள்ள முக்கோணத்தின் நிறம் விஷத்தின் கடுமையைக் காட்டும். சிவப்பு மிகக் கொடியது, மஞ்சள் கொடியது, நீலம் நடுத்தரமானது, பச்சை சிறிதளவானது. பச்சையும் விஷமே என்பதை மறத்தலாகாது. எழுத்தறியாதவரும் நிறமறிவராதலால், இதனை ஆட்களுக்கு எடுத்துரைத்தல் நிலமுடையார் கடமையாம்.

பருத்திக் கொல்லையொன்றில், தெளிகருவியின் முனை அடைத்துக்கொள்ளவே, கூலியாள் அதனை வாயால் ஊதக் கண்டேன். கருவி கசிந்து அவர் முதுகும் நனைந்திருந்தது. கையுறை எவரும் கொடுத்திலர். இவ்வகை மருந்துகளுட் பல தோல் வழியாகவே உடலிற் புகும்.

ஆதலின் கவனிக்க வேண்டியவை:

1. கசியும் கருவியைப் பழுதுபார்த்த பின்னரே கொடுத்தல்.
2. கையுறை, முகமூடி, முழுக்கைச் சட்டை அளித்தல்.
3. காற்றுக்கு எதிராகத் தெளியாதிருத்தல்.
4. வேலையிடையே உண்ணல், புகைபிடித்தல் விலக்கல்.
5. வேலை முடிந்ததும் சோப்பிட்டுக் குளித்தல்.

தலைசுற்றல், வாந்தி, மிகுந்த வியர்வை, வாயில் நீரூறல் கண்டால், நனைந்த உடையைக் களைந்து உடலைக் கழுவி, மருந்தின் சீட்டுடன் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்க. கிராம உத்தியோகஸ்தர்கள் தெளிப்புக் காலத்திற்கு முன்பே இவற்றை அறிவித்தல் நலம்.