தோகை கீறிய கண்ணும் கடைச் சொட்டு மருந்தும்

கேள்வி: நாலு நாளைக்கு முன்னால் மக்காச்சோளக் கதிர் ஒடிக்கும்போது என் வீட்டுக்காரர் கண்ணில் தோகை கீறிவிட்டது. மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கி விட்டோம். இரண்டு நாள் நன்றாக இருந்தது. இப்போது கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி தெரிகிறது, வெளிச்சம் பார்க்க முடியவில்லை. பக்கத்து வீட்டு மதினி தாய்ப்பால் விடச் சொல்கிறார். அறுப்பு முடியும்வரை பொறுக்கலாமா?
— வாசகி, கோவில்பட்டி வட்டம்

பதில்: ஒரு நாள்கூடப் பொறுக்கக் கூடாது அம்மா. கடிதத்தைப் பார்த்த அன்றே போனில் சொல்லிவிட்டோம். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

அந்த வெள்ளைப் புள்ளி, கருவிழியில் விழுந்த புண். சோளத் தோகை, கம்பந்தட்டை, பருத்திமார், உளுந்து அடிக்கும்போது தெறிக்கும் தூசி எல்லாவற்றிலும் பூஞ்சை ஒட்டியிருக்கும். கீறல் வழியாக அது உள்ளே இறங்கிவிடுகிறது. 1994இல் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு மூன்று மாதத்தில் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை ஆராய்ந்தார்கள். 284 பேருக்கு அதற்கு முன் கண்ணில் அடியோ கீறலோ பட்டிருந்தது. பரிசோதனையில் கிருமி வளர்ந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குக் காரணம் பூஞ்சை. நம் கரிசல் காட்டு வேலைக்கும் இது அப்படியே பொருந்தும்.

இனி அந்தச் சொட்டு மருந்து. பெட்டியில் டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரட்னிசலோன் என்று ஏதாவது ஒரு பெயர் இருக்கிறதா பாருங்கள். இவை ஸ்டீராய்டு. முதல் இரண்டு நாள் சிவப்பும் வலியும் குறையும். ஆளுக்கும் நம்பிக்கை வந்துவிடும். கண்ணின் எதிர்ப்புச் சக்தியை இது அடக்கிவிடுவதால், அந்த இரண்டு நாளில் பூஞ்சை தடையில்லாமல் வேர்விடும். மருத்துவர் கண்ணைக் கருவியில் பார்க்காமல் இந்த மருந்தை யாரும் கொடுக்கக் கூடாது, வாங்கவும் கூடாது. எத்தனையோ கண்கள் கீறலோடு தப்பித்திருக்க வேண்டியவை, இந்தச் சொட்டு மருந்தால் பார்வையை இழந்திருக்கின்றன. எனக்குத் தாங்க முடியாத வருத்தம் இதுதான். தாய்ப்பால், விளக்கெண்ணெய், நாக்கால் தூசி எடுப்பது எல்லாம் புதுக் கிருமியைத்தான் சேர்க்கும். மதினி நல்ல மனசோடுதான் சொல்கிறார், ஆனாலும் வேண்டாம்.

புண்ணைச் சுரண்டி எடுத்துப் பார்த்து, பூஞ்சை என்று தெரிந்தால் நேட்டமைசின் சொட்டு மருந்து தருவார்கள். ஆரம்பத்தில் மணிக்கு ஒருமுறை விட வேண்டும். ஆற வாரக்கணக்கில் ஆகும். தாமதித்தால் கண்ணில் பூ விழுந்து பார்வை மறைந்துவிடும், கருவிழியே ஓட்டையாகவும் கூடும். கோவில்பட்டி அரசு மருத்துவமனையில் காட்டிவிட்டு, அனுப்பினால் உடனே திருநெல்வேலிக்குக் கிளம்புங்கள். அங்கே 1988 முதல் அரவிந்த் மருத்துவமனை இருக்கிறது. அதைத் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமி எட்டயபுரம் பக்கம் வடமலாபுரத்தில் பிறந்தவர், நம் கரிசல் மண்ணின் பிள்ளை.

கீறல் பட்ட அன்றே போயிருந்தால்? நேபாளத்தின் பக்தபூரில் கிராமப் பணியாளர்களை வைத்து, கருவிழி கீறியவர்களுக்கு ஆன்டிபயாடிக் களிம்பு போட்டுப் பார்த்தார்கள். 18 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்கியவர்களில் ஒருவருக்குக்கூடப் புண் வரவில்லை. ஒரு நாள் கடந்து, இரண்டு நாளுக்குள் வந்த 49 பேரில் 14 பேருக்கு வந்தது. ஒரு நாள் கூலியை நினைத்துத் தள்ளிப்போடுகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

கேள்வி: பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது பையன் கண்ணில் சுண்ணாம்பு தெறித்தது. தண்ணீர் பட்டால் கொதிக்கும் என்று துடைத்துவிட்டுத் தூக்கிக்கொண்டு ஓடினோம். செய்தது சரியா?
— வாசகர், கயத்தாறு

பதில்: ஓடுவதற்கு முன்னால் கழுவியிருக்க வேண்டும். கொஞ்சமாகத் தண்ணீர் பட்டால்தான் சூடு தங்கும். நிறைய ஊற்றினால் சூட்டையும் சுண்ணாம்பையும் சேர்த்து அடித்துக்கொண்டு போய்விடும். கண்ணீரும் தண்ணீர்தானே, துடைத்தால் மட்டும் சூடு நிற்காது. இமைமேல் கட்டியாக ஒட்டியதை முதலில் வழித்து எறியுங்கள். பிறகு பையனைப் படுக்கவைத்து, பட்ட கண் கீழ்ப்பக்கம் இருக்கும்படி தலையைச் சாய்த்து, இமையை விரல்களால் விரித்துப் பிடித்து அரை மணி நேரம் விடாமல் ஊற்றுங்கள். நம் பக்கம் குடிதண்ணீர்க் குடத்தை யாரும் மனசார வீணாக்க மாட்டோம். அன்றைக்கு வீட்டிலிருக்கும் எல்லாக் குடமும் காலியாகட்டும். சுண்ணாம்பு காரம்; நிமிடத்துக்கு நிமிடம் கண்ணுக்குள் ஆழமாக இறங்கும். எலுமிச்சம்பழம் பிழிந்து முறிக்கப் பார்க்காதீர்கள். கழுவிய பிறகு மருத்துவமனைக்குப் போங்கள். மேல் இமையைத் திருப்பி, ஒளிந்திருக்கும் துணுக்கை அவர்கள் எடுக்க வேண்டும். சிமெண்டுக்கும் இதே முறைதான்.

கேள்வி: மம்பட்டிக்கு ஆப்பு இறுக்க இரும்பில் சுத்தியல் அடிக்கும்போது ஏதோ சுள்ளென்று கண்ணில் பட்டது. வலி பெரிதாக இல்லை, பார்வையும் தெளிவு. கழுவினால் போதுமா?
— வாசகர், விளாத்திகுளம்

பதில்: இதற்குக் கழுவக் கூடாது. வேகமாகத் தெறித்த இரும்புத் துணுக்கு கண்ணைத் துளைத்து உள்ளே போயிருக்கலாம். துளை ஊசிமுனை அளவுதான் இருக்கும், ஆளுக்கும் தெரியாது. உள்ளே தங்கிய இரும்பு துருப்பிடித்து மாதக்கணக்கில் விழித்திரையைக் கெடுக்கும். கசக்காதீர்கள், அழுத்திக் கட்டாதீர்கள், மருந்து விடாதீர்கள். காகித டீ கப்பைக் கவிழ்த்து, விளிம்பு கண்ணைச் சுற்றிய எலும்பில் மட்டும் படும்படி பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு இன்றே கிளம்புங்கள். அறுவை சிகிச்சை தேவைப்படலாம், அதனால் எதுவும் சாப்பிடாமல் போங்கள். சுத்தியல் அடித்ததை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். எக்ஸ்ரே அல்லது சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள். எம்.ஆர்.ஐ. மட்டும் ஆகாது. அதன் காந்தம் துணுக்கைக் கண்ணுக்குள்ளேயே நகர்த்திவிடும்.