வகுப்பையும் விருந்தையும் பிரிக்காதே

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுவது. படகு கிளப்பின் செயற்குழு பயிற்சிப் பொறுப்பை உன்னிடம் கொடுத்திருக்கிறது என்று உன் அம்மா போனில் சொன்னதுமே மனம் நிறைந்துவிட்டது. பின்னாலேயே உன் கடிதமும் வந்தது. ஞாயிற்றுக்கிழமைச் சவாரிக்கும் ஆண்டு விருந்துக்கும் நாற்காலி போதவில்லை. சனிக்கிழமை மாலை வகுப்புக்கோ நாலைந்து பேர்தான் வருகிறார்கள். வகுப்பை நிறுத்திவிட்டு அந்தப் பணத்தில் படகுத்துறையைச் செப்பனிடலாம் என்று குழுவில் மூத்தவர்களே பேசுகிறார்கள், என்ன செய்ய என்று கேட்டிருக்கிறாய்.

நிறுத்தாதே அம்மா. படகுத்துறை இன்னும் ஒரு வருஷம் காத்திருக்கும். ஆனால் வகுப்பை இப்போது நடப்பதுபோலவே இழுத்துக்கொண்டு போவதிலும் எனக்குச் சம்மதமில்லை. நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்தவர்களை ஓர் அறையில் உட்காரவைத்து, திரையில் படம் காட்டி, விதிகளை வாசித்தால் யார் வருவார்கள்? படிப்பு ஒரு குழுவின் வேலை, விருந்து இன்னொரு குழுவின் வேலை என்று கிளப் இரண்டாகப் பிரிந்து நிற்பதுதான் உன் பிரச்சினையின் வேர் என்று நினைக்கிறேன். மக்கள் எங்கே கூடுகிறார்களோ அங்கே பாடத்தைக் கொண்டு போ.

பாடம் ஏன் வேண்டும் என்று குழுவில் யாராவது கேட்டால் இரண்டு தேதிகளைச் சொல். 2009 செப்டம்பர் 30, தேக்கடி. ‘ஜலகன்யகா’ என்ற இரண்டடுக்குச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையோரம் தெரிந்த விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கமாக நகர்ந்தார்கள், படகு சாய்ந்தது என்று பிழைத்தவர்கள் சொன்னார்கள். 2011 டிசம்பர் 25, பழவேற்காடு. விடுமுறைக்குக் குடும்பத்தோடு ஏரி பார்க்கப் போனவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அளவுக்கு மீறிய ஆட்கள். உடம்பில் லைஃப் ஜாக்கெட் இல்லை. இரண்டு இடத்திலும் புயல் இல்லை. நாம் ஞாயிற்றுக்கிழமை போகிற மாதிரியான நீர்தான்.

படகில் எடை எவ்வளவு மேலே ஏறுகிறதோ அவ்வளவு எளிதாக அது கவிழும். உட்கார்ந்திருப்பவர் எழுந்தாலே எடை மேலே போய்விடுகிறது. எழுந்து ஓரத்துக்கு நகர்ந்தால் கேட்கவே வேண்டாம். இதற்குத் திரையும் படமும் எதற்கு? ஞாயிற்றுக்கிழமை டீ கொடுக்கிற மேசையில் ஓர் அகலமான பேசினில் தண்ணீர் நிரப்பி ஒரு பிளாஸ்டிக் டப்பாவை மிதக்கவிடு. அடியில் நாலு கூழாங்கல் போட்டுத் தட்டிப் பார்க்கச் சொல். பிறகு அதே கற்களை டப்பாவின் மேல் ஒரு டம்ளரில் வைத்துத் தட்டச் சொல். பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கவிழ்த்துப் பார்ப்பார்கள், பெரியவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு எட்டிப் பார்ப்பார்கள். அன்றைக்குப் படகில் செல்ஃபி எடுக்க எழும் ஆளை அவர் பெண்ணே சட்டையைப் பிடித்து உட்காரவைப்பாள்.

லைஃப் ஜாக்கெட்டைப் பற்றியும் அப்படித்தான். ‘போட்டுக்கொள்ளுங்கள்’ என்று சொல்வது பாடமாகாது. போட்டபின் இரண்டு கையையும் மேலே தூக்கச் சொல்; இன்னொருவர் தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுக்கட்டும். ஜாக்கெட் காதுவரை ஏறினால் அது அவருக்குப் பெரியது, தண்ணீரில் கழன்று போகும். சின்னப் பிள்ளைகளுக்குக் கால்களுக்கு இடையே மாட்டும் பட்டை கட்டாயம். யாரும் ஜாக்கெட்டை மடித்துப் போட்டு அதன்மேல் மெத்தைபோல உட்காரக் கூடாது, உள்ளே இருக்கும் நுரை நசுங்கி மிதக்கும் சக்தி குறைந்துவிடும். சேலை கட்டி வருகிறவர்களுக்கு முந்தானையை இழுத்துச் செருகி, அதன் மேல் ஜாக்கெட்டைப் போட்டு வாரை இறுக்கிக் காட்ட ஒரு பெண் வேண்டும். நம் கிளப்பில் பல வீட்டுப் பெண்கள் கரையிலேயே உட்கார்ந்து சாப்பாட்டுக் கூடைக்குக் காவல் இருப்பதற்கு அவர்களுக்குத் தண்ணீர் பிடிக்காதது காரணமில்லை. தண்ணீரில் விழுந்தால் என்ன செய்வது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

அடுத்துச் சொல்வதை நீ முக்கியமாக எடுத்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலான குடும்பங்களில் ஒருவருக்குத்தான் படகு ஓட்டத் தெரியும். அவருக்கு நடுநீரில் மயக்கம் வந்தால், அல்லது அவரே தவறி விழுந்தால், மிச்சமிருப்பவர்கள் என்ன செய்வார்கள்? ஆகவே கூட வருகிறவர்களுக்கென்றே ஒரு காலை நேரத்தை ஒதுக்கு. எஞ்சினை நிறுத்துவது எப்படி, சுக்கானை எந்தப் பக்கம் திருப்பினால் படகு எந்தப் பக்கம் போகும், நங்கூரத்தை எப்படிப் போடுவது, யாருக்குப் போன் செய்வது, இவ்வளவு போதும். ஓட்டுகிறவர் மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளும் சுருள் கயிறு எதற்கு என்றும் காட்டு. அவர் விழுந்தால் அது பிடுங்கிக்கொண்டு எஞ்சின் நின்றுவிடும். அந்தக் கயிற்றை மாட்டாமல் விசிறி சுழலும் படகை ஓட்டுகிறவரை, எவ்வளவு பெரிய உறுப்பினராக இருந்தாலும், துறையை விட்டுப் போக விடாதே.

இதையும் விளையாட்டாக்கலாம். மட்டை உரிக்காத தேங்காய் ஒன்றுக்குச் சிவப்புத் துணி கட்டித் தண்ணீரில் போடு. அதுதான் விழுந்த ஆள். படகில் ஒருவர் தேங்காயிலிருந்து கண்ணை எடுக்காமல் கை நீட்டிக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அவருக்கு வேறு வேலை கிடையாது. ஓட்டுகிறவர் சுற்றி வந்து, மெதுவாக நெருங்கி, எஞ்சினை நிறுத்திவிட்டுத்தான் எடுக்க வேண்டும். வேகமாகப் போய் மோதினால் தோல்வி. எந்தக் குடும்பம் ஒழுங்காக எடுக்கிறதோ அதற்கு மதியச் சாப்பாட்டில் முதல் பந்தி. சிறு அலை எழும்பும்போது ஒரு தேங்காய் எவ்வளவு சீக்கிரம் கண்ணிலிருந்து மறைகிறது என்பதைக் கண்ட யாரும் அதை மறக்க மாட்டார்கள்.

நம் ஊருக்கென்றே ஒரு பாடம் இருக்கிறது. 1972ஆம் ஆண்டின் சர்வதேசக் கடல் விதிகளின்படி, எதிரெதிரே நேராக வரும் இரண்டு எஞ்சின் படகுகளும் தத்தம் வலப்பக்கம் திரும்ப வேண்டும். குறுகிய கால்வாயிலும் வலப்புறக் கரையை ஒட்டித்தான் போக வேண்டும். நாமோ பிறந்ததிலிருந்து சாலையில் இடப்பக்கம் போகிறவர்கள். பதற்றத்தில் நம் கை தானாக இடப்பக்கம் திருப்பும். எதிரே வருகிறவர் விதி தெரிந்தவராக இருந்தால் நேராக அவர்மேல் போய் விழுவோம். தெரிந்திருந்தால் மட்டும் போதாது, கைக்குப் பழக வேண்டும். துறைக்கு வெளியே இரண்டு மிதவை போட்டு, வருகிற போகிற படகெல்லாம் எப்போதும் வலப்பக்கமாகவே விலகிப் போகும்படி செய்துவிடு. சவாரிக்கு மட்டும் வருகிறவர்கூட ஒரு பருவத்தில் பழகிவிடுவார். அப்படியே இருட்டில் படகின் வலப்பக்கம் பச்சை விளக்கு, இடப்பக்கம் சிவப்பு விளக்கு என்பதை ஆண்டு விருந்தின் மாலையில் துறையிலேயே ஏற்றிக் காட்டு.

இப்படி உறுப்பினர்களே உறுப்பினர்களுக்குச் சொல்லித்தருவது புதிதல்ல. அமெரிக்காவில் 1914இல் பாஸ்டன் படகு கிளப் ஒன்றின் உறுப்பினர்கள் தொடங்கிய ‘பவர் ஸ்குவாட்ரன்’ இன்றும் அதைத்தான் செய்கிறது. கற்றுத்தருகிறவர்கள் சம்பளம் வாங்காத உறுப்பினர்கள். கேட்பவர்களின் படகைத் துறைக்கே போய்ப் பார்த்து, லைஃப் ஜாக்கெட், விளக்கு, தீயணைப்பான் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று இலவசமாகச் சோதித்துச் சொல்வார்கள். குறை இருந்தால் அபராதம் கிடையாது, புகார் கிடையாது. மழைக்காலம் முடிந்து படகுகளை இறக்கும் வாரத்தில் நீயும் இதைச் செய்யலாம். ஓய்வுபெற்ற மெக்கானிக்குகள், மின்வாரியத்தில் வேலை பார்த்தவர்கள் எல்லாம் நம் உறுப்பினர்களில் இருக்கிறார்கள். கேட்டால் மகிழ்ந்து வருவார்கள். இதுவரை அவர்களை யாரும் கேட்கவில்லை.

பிள்ளைகள் ஓட்டும் ஆப்டிமிஸ்ட் பாய்மரப் படகு பிறந்த கதையும் உனக்குப் பிடிக்கும். 1947இல் ஃபுளோரிடாவின் கிளியர்வாட்டர் ஊரில் ஆப்டிமிஸ்ட் என்ற சேவை கிளப், ஊர்ப் பிள்ளைகளுக்குக் கட்டுப்படியாகும் விலையில் ஒரு படகு வேண்டும் என்று கேட்டது. கிளார்க் மில்ஸ் என்பவர் இரண்டு ஒட்டுப்பலகைத் தகடுகளுக்குள் அடங்கும்படி அதை வடிவமைத்தார். அதனால்தான் அதன் முகப்பு கூராக இல்லாமல் சப்பையாக இருக்கிறது. நீளம் இரண்டேகால் மீட்டருக்குச் சற்றே அதிகம், பாயும் கம்பமும் இல்லாத வெறும் படகின் எடை 35 கிலோ. உலகெங்கும் பல பிள்ளைகள் பாய்மரம் கற்பது இதில்தான். நம் சென்னையின் நேத்ரா குமணன் தமிழ்நாடு பாய்மரப் படகுச் சங்கம் நடத்திய ஒரு கோடை முகாமுக்குப் போன சிறுமிதான். பிறகு ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் ஆனார். முகாம் நடத்தியவர்களுக்கு அன்றைக்கு அது தெரிந்திருக்காது. உன் வகுப்பிலும் யார் வந்து உட்காரப்போகிறார்கள் என்று உனக்குத் தெரியாது.

இனி என் மனதுக்கு மிக நெருக்கமான ஒன்று. கிளப் வாசலுக்கும் மீனவர் குப்பத்துக்கும் நடந்துபோகும் தூரம்தான். அங்கிருந்து நம்மிடம் வருகிறவர்கள் படகு கழுவவும் கயிறு கட்டவும்தான் வருகிறார்கள். இது எனக்கு என்றைக்கும் சரியாகப் படவில்லை. வாடையும் கொண்டலும் கச்சானும் எப்போது எப்படி மாறும், அமாவாசை பௌர்ணமியில் முகத்துவாரத்தில் நீர் எப்படி இழுக்கும், மணல்திட்டு எந்த மாதத்தில் எங்கே நகரும் என்பதை நம் உறுப்பினர்களில் யாரையும்விட அவர்கள் நன்றாக அறிவார்கள். கோவளத்தில் மூர்த்தி மேகவன் என்ற மீனவர் தன் ஊர்ப் பிள்ளைகளுக்கு அலைச்சறுக்கு கற்றுக்கொடுக்கத் தொடங்கி, இன்று வெளியூரிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து கற்கும் பள்ளியாக அது வளர்ந்திருக்கிறது. நம் கண்ணெதிரே இருக்கும் முன்மாதிரி அது.

எனவே காற்றும் நீரோட்டமும் பற்றிய பாடத்துக்குக் குப்பத்துப் பெரியவர் ஒருவரை ஆசிரியராகக் கூப்பிடு. வெளியூர் வல்லுநருக்கு என்ன மதிப்பூதியம் கொடுப்பீர்களோ அதே தொகையை அவருக்கும் கவரில் வைத்துக் கொடு. நாற்காலி போட்டு உட்காரவை. வகுப்பு முடிந்ததும் உறுப்பினர்களோடு ஒரே பந்தியில் சாப்பிட அழை. அவருடைய பேரப்பிள்ளைகளுக்கு ஆப்டிமிஸ்ட் வகுப்பில் இடம் வை, கட்டணம் கேட்காதே. சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். கடலோரத்தில் படகு கிளப் நடத்திக்கொண்டு கடலோரத்துப் பிள்ளைகளைச் சேர்க்காமல் இருப்பதற்கு ஒரு நியாயமும் கிடையாது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நீ விட்டுக்கொடுக்கவே கூடாது என்பது என் வேண்டுகோள்.

ரெகட்டாவை, அதாவது படகுப் போட்டி விழாவை, குறைக்கச் சொல்கிறேன் என்று நினைக்காதே. மெட்ராஸ் போட் கிளப்பும் கொழும்பு ரோயிங் கிளப்பும் 1898இல் தொடங்கிய துடுப்புப் போட்டி இன்றும் நடக்கிறது. சென்னையின் அடையாற்றுக்கும் கொழும்பின் பேரை ஏரிக்கும் இடையே இத்தனை தலைமுறையாக நட்பு நிலைத்திருக்கிறது என்றால் அதற்குப் போட்டி மட்டுமா காரணம்? விருந்தும் சேர்ந்துதான். உன் ரெகட்டாவில் படகு ஓட்டும் வேலையைப் பிள்ளைகளுக்கும், நடத்தும் வேலையைப் பெற்றோருக்கும் கொடு. தொடக்கத்துக்கு ஐந்து நிமிடம் முன்னால் முதல் கொடி, நான்கு நிமிடம் இருக்கும்போது அடுத்தது, ஒரு நிமிடம் இருக்கும்போது அந்த இரண்டாவது கொடி இறங்கும், பிறகு தொடக்கம். கொடியைப் பிடிக்கும் அப்பாவுக்கு இரண்டு வாரத்தில் பாய்மர விதி பாதி தெரிந்துவிடும். கணக்கெழுதும் அம்மா அடுத்த பருவத்தில் தானே ஓட்டுவேன் என்பாள்.

மதுவைப் பற்றி ஒரு வார்த்தை. படகில் ஏறப்போகிற யாருக்கும் அதற்கு முன் கிளப்பில் மது ஊற்றக் கூடாது. இதைக் குழுவில் தீர்மானமாகவே எழுதிப் போடு. உன் வாய்ச்சொல்லாக விட்டால் ஒரே மாதத்தில் கரைந்துவிடும்.

வருகிற ஞாயிறிலிருந்தே தொடங்கு. முதல் நாள் பேசினும் கூழாங்கல்லும் மட்டும் போதும். சிற்றுண்டி மேசையில் ஆளுக்கு ஒரு முழம் கயிறு வைத்து, இறுகிப்போகாத கண்ணி முடிச்சை ஒரு பெண்பிள்ளை போட்டுக் காட்டட்டும். நீச்சல் குளத்தில் படகு கவிழ்க்கும் பயிற்சியை அடுத்த மாதத்துக்கு வை; ஆழம் இடுப்பளவு இருக்கும் பக்கத்தில், நீச்சல் தெரிந்த இருவர் தண்ணீரிலேயே நிற்க, நீச்சல் தெரியாதவர்களையும் சேர்த்து. குழுவில் எதிர்ப்பு வந்தால் எனக்கு எழுது, நான் நேரில் வந்து பேசுகிறேன். குப்பத்துப் பெரியவரை அழைக்க நீயே வீட்டுக்குப் போ, ஆள் அனுப்பாதே. சாயங்காலம் போ, காலையில் அவர் வலையோடு இருப்பார்.

அன்புடன்,
மாமா